மண்ணின் கதிரியக்கம்: அளவும் சொல்லும்

முன்னுரை

நாம் நிற்கும் நிலம், நம் வீட்டுச் செங்கல், உண்ணும் உணவு, நம் உடல் ஆகிய அனைத்திலும் இயற்கையான கதிரியக்கம் உண்டு. இது புதிய செய்தியன்று. ஆயினும் 'மண்ணில் கதிரியக்கம் கண்டறியப்பட்டது' என்றொரு செய்தி வருமாயின், மக்களுள் ஒரு சாரார் அஞ்சுகின்றனர்; மற்றொரு சாரார், 'எல்லா மண்ணிலும் உள்ளதுதானே' என்று புறந்தள்ளுகின்றனர். இரண்டுமே அளவை அறியாமல் எழும் முடிவுகள்.

இயற்பியல் நம் துறையன்று. சொல்லே நம் துறை. எனினும் இப்பொருளைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. மண்ணின் கதிரியக்கம் பற்றிய அறிக்கையில் மூன்று வெவ்வேறு வினாக்களுக்கு மூன்று வெவ்வேறு அலகுகளில் விடை தரப்படுகிறது. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டால், சரியாக எடுத்த அளவும் பிழையான பொருளைத் தந்துவிடும். அவ்வேறுபாட்டைத் தமிழில் தெளிவுபடுத்துவதும், அளவு எவ்வாறு எடுக்கப்படுகிறது, அதிலிருந்து இடர் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பவற்றை விளக்குவதும் இவ்வுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டு நிலமாகப் பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கைக் கொள்வோம்.

1. கதிரியக்கமும் கதிர்வீச்சும்

தமிழில் 'கதிரியக்கம்', 'கதிர்வீச்சு' என்னும் இரு சொற்களும் ஒரே பொருளில் ஆளப்படுவதைக் காண்கிறோம். இவை ஒன்றல்ல. நிலையற்ற அணுக்கரு தானாகச் சிதைந்து வேறோர் அணுவாக மாறும் பண்பு கதிரியக்கம். அச்சிதைவின்போது வெளிப்பட்டுப் பரவும் ஆற்றல் கதிர்வீச்சு. முன்னது பொருளின் பண்பு. பின்னது அதிலிருந்து புறப்படுவது. எனவே ஒரு கல்லுக்குக் கதிரியக்கம் உண்டு என்று கூறலாம். அக்கல்லின் அருகே நிற்பவருக்குக் கதிர்வீச்சு படுகிறது என்று கூறவேண்டுமேயன்றி, அவருக்குக் கதிரியக்கம் படுகிறது என்று கூறுதல் பொருந்தாது.

மண்ணில் இப்பண்புடையனவாய்ச் சிறப்பாகக் கருதப்படுவன மூன்று: யுரேனியம்-238, தோரியம்-232, பொட்டாசியம்-40. யுரேனியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். தோரியத்தினுடையது 1,400 கோடி ஆண்டுகள். பொட்டாசியம்-40இனுடையது 125 கோடி ஆண்டுகள். பூமி தோன்றியபோதே இருந்த இவை இன்னும் தீராமல் எஞ்சியிருப்பதற்கு இந்நெடிய ஆயுளே காரணம். யுரேனியமும் தோரியமும் ஒரே படியில் அடங்குவதில்லை. ஒன்று சிதைந்து இன்னொன்றாகி, அது சிதைந்து வேறொன்றாகி, ஒரு நீண்ட சங்கிலியாகத் தொடர்ந்து, இறுதியில் இரண்டும் காரீயமாக நிலைபெறுகின்றன. இச்சங்கிலியின் இடையில் ரேடியம், ரேடான் முதலியன தோன்றுகின்றன.

2. கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்

மலேசியத் தமிழர் 'ஈயலம்பம்' என்று வழங்கும் சொல்லில், மலாய் மொழியின் 'லொம்போங்' தமிழோசை பெற்று அமைந்துள்ளது. ஆனால் அங்கே தோண்டப்பட்டது காரீயமன்று, வெள்ளீயம். பேச்சுவழக்கில் இரண்டும் 'ஈயம்' என்றே குறிக்கப்பட்டாலும், நம் பொருளுக்கு இவ்வேறுபாடு தேவையாகிறது. யுரேனிய, தோரியச் சங்கிலிகளின் முடிவில் நிற்பது காரீயம்; கிந்தாவை உலகறியச் செய்தது வெள்ளீயம்.

பள்ளத்தாக்கின் இருபுறமும் கருங்கல் மலைகள் உள்ளன. கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் பிற பாறைகளைவிடப் பொதுவாக மிகுதி. நெடுங்கால வெயிலிலும் மழையிலும் அப்பாறை சிதைந்து, வெள்ளீயக் கனிமத்தோடு வேறு கனத்த கனிமங்களும் ஆற்றுப் படுகைகளில் வந்து தங்கின. சுரங்கத் தொழிலில் மண்ணை நீருடன் ஓடவிட்டுக் கழுவும்போது, இலேசான மணல் அடித்துச் செல்லப்பட்டது. கனத்தவை அடியில் தங்கின. அவற்றிலிருந்து வெள்ளீயத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கருமணலே 'அமாங்' எனப்படுவது. இல்மனைட்டு, சிர்க்கான், மோனசைட்டு, செனோடைம் முதலிய கனிமங்கள் அதில் அடங்கும். தோரியம் மிகுதியாகச் சேர்ந்திருப்பது மோனசைட்டில்தான்.

தமிழருக்கு மோனசைட்டு வேறொரு வழியாகவும் அறிமுகமானது. 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அம்மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையைச் சேர்ந்தது. அன்று திருவிதாங்கூரில் இருந்த அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அங்கிருந்து கேரளத்தின் கொல்லம் வரை நீளும் கரையின் பல பகுதிகள் உலகில் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த இடங்களுள் எண்ணப்படுகின்றன.

3. மூன்று வினாக்கள், மூன்று அலகுகள்

ஆலயத் திருவிழாவில் தவில் முழங்குவதை எண்ணிப் பார்ப்போம். வித்துவான் ஒரு நொடியில் எத்தனை அடி அடிக்கிறார் என்பது ஒரு வினா. அவ்வோசையின் ஆற்றல் நம் செவியை எவ்வளவு வந்தடைகிறது என்பது இரண்டாம் வினா. அதற்கு விடை, நாம் எத்தனை தொலைவில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் செவிக்கு ஊறு நேருமா என்பது மூன்றாம் வினா. அடிகளை மட்டும் எண்ணி மூன்றாம் வினாவுக்கு விடை கூறிவிட இயலாது.

கதிரியக்கத்திலும் இவ்வாறே. ஒரு பொருளில் நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதைக் குறிக்கும் அலகு பெக்கெரல். நொடிக்கு ஒரு சிதைவு நிகழ்ந்தால் அது ஒரு பெக்கெரல். மண்ணைப் பொறுத்தவரை 'கிலோகிராமுக்கு இத்தனை பெக்கெரல்' என்று கூறுவர். ஒரு கிலோகிராம் பொருள் கதிர்வீச்சிலிருந்து எவ்வளவு ஆற்றலை ஏற்றுக்கொண்டது என்பதைக் குறிப்பது கிரே. அவ்வாறு ஏற்றதனால் மனித உடலுக்கு நேரக்கூடிய பாதிப்பின் அளவைக் கதிரின் வகை, உறுப்பின் இயல்பு ஆகியவற்றைக் கருதிக் குறிப்பது சீவர்ட். பெக்கெரலும் கிரேயும் 1975இலும் சீவர்ட் 1979இலும் பன்னாட்டு அலகு முறையில் ஏற்கப்பட்டன. மூன்றும் அறிவியலாளர்களின் பெயர்கள். பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஆனால் அது குறிக்கும் பொருளைத் தமிழில் சொல்லியாக வேண்டும். முதலாவதைக் 'கதிரியக்கச் செறிவு' என்றும், இரண்டாவதை 'ஏற்பளவு' என்றும், மூன்றாவதைப் 'பயனுறு ஏற்பளவு' என்றும் இவ்வுரையில் வழங்குவோம்.

இவ்வேறுபாட்டின் தேவையை உணர ஒரு செய்தி போதும். சராசரி உடல் எடையுள்ள ஓர் ஆடவரின் உடலில் உள்ள பொட்டாசியத்தில் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. '4,000 பெக்கெரல்' என்று தனியே அச்சிட்டால் அச்சமூட்டும். பயனுறு ஏற்பளவாகக் கணக்கிட்டாலோ அது ஆண்டுக்கு 0.2 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவே.

4. அளவு எடுக்கப்படும் முறை

மண்ணின் கதிரியக்கத்தை இரு வழிகளில் அளக்கின்றனர். முதலாவது, கையடக்கக் கருவியைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து, அவ்விடத்தில் காமாக் கதிர்களால் மணிக்கு எத்தனை நானோகிரே ஏற்பளவு உண்டாகிறது என்று காண்பது. ஒரு கிரேயில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோகிரே. இம்முறை விரைவானது, ஆனால் கதிர் எத்தனிமத்திலிருந்து வருகிறது என்று தெளிவாகக் காட்டாது.

இரண்டாவது, மண் மாதிரியை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு செல்வது. புல்லையும் வேரையும் நீக்கி, மேல்மண்ணிலிருந்து மாதிரி எடுக்கின்றனர். ஒரே இடத்தில் எடுக்காமல், நிலத்தைக் கட்டங்களாகப் பகுத்துப் பல இடங்களில் எடுத்தல் முறை. மாதிரியை ஏறத்தாழ 105 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி, பொடித்து, சலித்து, எடையிட்டு, காற்றுப் புகாத கலத்தில் அடைத்து நான்கு வாரம் வைத்துவிடுகின்றனர்.

இக்காத்திருப்புக்குக் காரணம் ரேடான். ரேடியம்-226 சிதைந்து ரேடான் என்னும் வாயுவாகிறது. மண்ணைத் தோண்டி எடுக்கும்போது இவ்வாயுவின் ஒரு பகுதி வெளியேறிவிடும். அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள். கலத்தை மூடி வைத்தால் ரேடான் மீண்டும் சேர்ந்து, நான்கு வாரத்தில் ரேடியத்தோடு ஏறத்தாழ முழுச் சமநிலையை அடைகிறது. அதற்கு முன்னரே அளந்தால் விடை உண்மையைவிடக் குறைந்து தோன்றும்.

பின்னர் அக்கலத்தைத் திரவ நைட்ரசனால் குளிர்விக்கப்பட்ட ஜெர்மானியம் உணரியின்மேல் வைத்து, சுற்றிலும் தடித்த காரீயக் கவசமிட்டு, பல மணி நேரம் எண்ணவிடுகின்றனர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் காமாக் கதிரை வெளியிடும். பொட்டாசியம்-40 தனது 1,461 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கதிரால் தானே அடையாளம் தருகிறது. யுரேனியமும் தோரியமும் நேரடியாகத் தோன்றுவதில்லை; அவற்றின் வழித்தோன்றல்களே தோன்றுகின்றன. பிஸ்மத்-214இன் 609 அலகுக் கதிரைக்கொண்டு ரேடியத்தையும், ஆக்டினியம்-228இன் 911 அலகுக் கதிரைக்கொண்டு தோரியத்தையும் கணிக்கின்றனர். நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கரைத்துச் சென்றிருக்கக்கூடுமாதலின், கவனமுள்ள அறிக்கை 'யுரேனியம்' என்று எழுதாமல் 'ரேடியம்-226' என்றே எழுதும். எதை அளந்தோமோ அதன் பெயரையே எழுதுதல் அறிவியலுக்கும் மொழிக்கும் பொதுவான ஒழுக்கம்.

வெற்றுக்கலத்தை வைத்து எண்ணியபோது கிடைத்த பின்னணி எண்ணிக்கையைக் கழித்து, செறிவு முன்னரே தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டு விடை காணப்படுகிறது. சிதைவு தற்செயலாக நிகழ்வதால் எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் இயல்பு. 10,000 எண்ணிக்கை கிடைத்தால் அதன் உறுதியின்மை 100, அதாவது ஒரு விழுக்காடு. 100 மட்டுமே கிடைத்தால் அது பத்து விழுக்காடாகும். ஆதலால் கூட்டல் கழித்தல் குறியோடு உறுதியின்மையைத் தராத எண்ணை முழுமையான அளவாகக் கொள்ளலாகாது.

இங்கே மொழி சார்ந்த ஒரு நுட்பத்தையும் சுட்டவேண்டும். அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வருவதை நாளிதழ்கள் 'இல்லை' என்று மாற்றி எழுதுவதுண்டு. அக்கருவியால் காணக்கூடிய குறைந்த அளவுக்குக் கீழே உள்ளது என்பதே முன்னதன் பொருள். பின்னது இன்மையை உறுதியாகக் கூறுவது. ஒரு சொல் மாறியதால் அளவீட்டின் எல்லை மறைந்துவிடுகிறது.

5. எண்ணிலிருந்து இடருக்கு

ஐக்கிய நாடுகளின் அணுக்கதிர்வீச்சு அறிவியல் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலக மண்ணின் நடுத்தர மதிப்புகளாகக் கிலோகிராமுக்கு ரேடியம் 35, தோரியம் 30, பொட்டாசியம்-40 400 பெக்கெரல் எனத் தருகிறது. மலேசியாவுக்கு முறையே 67, 82, 310 என்னும் சராசரிகளைக் குறிக்கிறது. தோரியம் நம் மண்ணில் இரண்டரை மடங்குக்கும் மேல் இருத்தல் காண்க.

இச்செறிவுகளிலிருந்து ஏற்பளவைப் பெற, ரேடியத்தை 0.462ஆலும், தோரியத்தை 0.604ஆலும், பொட்டாசியத்தை 0.0417ஆலும் பெருக்கிக் கூட்டவேண்டும். மலேசிய மதிப்புகளுக்கு 31, 49.5, 12.9 எனக் கிடைத்து, கூட்டுத்தொகை மணிக்கு ஏறத்தாழ 93 நானோகிரே ஆகிறது. திறந்த வெளியில் நேரடியாக அளந்து அவ்வறிக்கையில் தரப்பட்ட மலேசியச் சராசரி 92. உலகச் சராசரி 59. மண்ணை ஆய்வுக்கூடத்தில் அளந்த வழியும், நிலத்தில் நின்று அளந்த வழியும் ஒரே விடைக்கு அருகே வந்து சேர்கின்றன.

ஆண்டுக்கு 8,760 மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெளியில் கழிப்பதாகக் கொண்டு, கிரேயைச் சீவர்ட்டாக மாற்றும் 0.7ஆலும் பெருக்கினால் ஆண்டுக்கு 0.11 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. இது வெளியில் கழிக்கும் நேரத்திற்கு மட்டும் உரியது. வீட்டுச் சுவரும் தரையும் தருவதைத் தனியே கணக்கிட வேண்டும். இரண்டும் சேர்ந்த உலகச் சராசரி 0.48 மில்லிசீவர்ட். விண்வெளிக் கதிர், உணவு, சுவாசிக்கும் ரேடான் அனைத்தையும் கூட்டினால் மனிதர் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்கு ஏற்பது சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். இதில் ஏறத்தாழப் பாதி, ரேடானால் வருவது.

ரேடானைத் தனித்துக் கூறக் காரணமுண்டு. ஆல்ஃபா கதிர் தோலைக்கூடக் கடக்காது. ஆனால் மூச்சின்வழி நுரையீரலை அடைந்துவிட்டால், அதே ஆற்றலுள்ள காமாக் கதிரைவிட இருபது மடங்கு எடையிட்டு அதைக் கணக்கில் கொள்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குரிய முக்கியக் காரணமாக ரேடானைக் குறிக்கிறது. வீட்டுக்காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கெரல் என்பதை மேற்கோள் அளவாகப் பரிந்துரைக்கிறது. காற்றோட்டமுள்ள வீட்டில் இது குறையும். எந்நேரமும் சன்னலை அடைத்த அறையில் சேரும்.

இடர் எவ்வளவு? பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு, ஒரு சீவர்ட்டுக்கு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு. இதன்படி ஒரு மில்லிசீவர்ட் என்பது இருபதாயிரத்தில் ஒன்று. எனினும் மிகச் சிறிய ஏற்பளவைப் பெரும் மக்கள்தொகையால் பெருக்கி 'இத்தனை பேர் இறப்பர்' என்று கூறுவதை அவ்வாணையமே ஏற்பதில்லை. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளிவந்த ஆய்வு, கடற்கரைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. இது ஆறுதல் தரும் முடிவு. ஆயினும் 'கூடியதாகக் காணப்படவில்லை' என்பதும் 'இடரே இல்லை' என்பதும் ஒன்றல்ல என்று முன்னர்க் கூறியதை இங்கும் நினைவில் கொள்ளவேண்டும்.

6. 'இயற்கை' என்னும் சொல்

மேலே கண்ட கணக்கு சிதறிக் கிடக்கும் தோரியத்துக்கு உரியது. அதே தோரியம் ஓரிடத்தில் திரட்டப்பட்டால் கணக்கு மாறிவிடும். மலேசிய மண்ணின் 82 பெக்கெரல் என்பது ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் தோரியம். ஆறு விழுக்காடு தோரியமுள்ள மோனசைட்டு ஒரு கிலோகிராமில் அது 60 கிராம். அதாவது ஏறத்தாழ 240,000 பெக்கெரல், மண்ணைப்போல் மூவாயிரம் மடங்கு. புதிதாக ஒன்றும் உண்டாக்கப்படவில்லை. பிரித்துக் குவிக்கப்பட்டது, அவ்வளவே. எனவே 'இது இயற்கையானது' என்னும் விடை தோற்றத்தைக் கூறுகிறதேயன்றிப் பாதுகாப்பைக் கூறவில்லை.

இதன் விளைவை நம் நாடு கண்டிருக்கிறது. 1982இல் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில், மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. எஞ்சும் தோரியக் கழிவை எங்கே வைப்பது என்னும் வினா எழுந்தது. 1984இல் பாப்பான் மக்கள் தம்மூரில் வைப்பதை எதிர்த்தனர். அவ்வாண்டிலேயே அணுசக்தி உரிமச் சட்டமும் இயற்றப்பட்டது. புக்கிட் மேரா மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994இல் ஆலை மூடப்பட்டது. வழக்கில் இரு தரப்பிலும் வல்லுநர்கள் சாட்சியம் அளித்தனர். எந்த இடத்தில், எப்போது, எதை அளந்தது என்பவை பற்றிய விளக்கமே வழக்கின் நடுவில் நின்றது. ஆலைக்கு அருகே குடியிருந்த தாய்மார்களுக்கோ தேவைப்பட்டது ஒரே விடை: தம் பிள்ளைகளின் உடலுக்கு என்ன நேரும்? பெக்கெரலில் கூறப்படும் எதுவும் அவ்வினாவுக்கு விடையாகாது.

இன்று கிந்தாவின் பழைய சுரங்க நிலங்களில் குடியிருப்புகளும் மீன் குளங்களும் தோட்டங்களும் உள்ளன. கழுவி ஒதுக்கிய வெண்மணலில் பெரும்பகுதி குவார்ட்சு. அதில் கதிரியக்கம் குறைவு. அமாங் குவிக்கப்பட்ட அல்லது பதப்படுத்தப்பட்ட இடங்களிலோ மிகுதி. ஆகவே ஒரு வட்டாரத்தின் சராசரி அளவு, அங்குள்ள ஒரு குறிப்பிட்ட வீட்டு மனையைப் பற்றி ஒன்றும் உறுதியாகக் கூறாது. அதற்கு அம்மனையின் மண்ணையே அளக்கவேண்டும். அமாங்கை வீட்டு நிலத்தை நிரப்பவோ சிமெண்டுடன் கலக்கவோ பயன்படுத்துதல் ஏற்றதன்று. உலர்ந்த அமாங்கின் தூசியை மூச்சில் இழுக்கும் தொழிலாளருக்குக் காப்பும் கண்காணிப்பும் வேண்டும்.

நிறைவுரை

அளவறிக்கை ஒன்றைப் பெறும் எவரும் கேட்கத்தக்க வினாக்களைத் தொகுத்துக் கூறி அமைவோம். கொடுக்கப்பட்ட எண் பெக்கெரலா, கிரேயா, சீவர்ட்டா? அது மணிக்கா, ஆண்டுக்கா? எத்தனை இடங்களில், எவ்வளவு ஆழத்தில் மாதிரி எடுக்கப்பட்டது? உறுதியின்மை எவ்வளவு? ரேடானும் தூசியும் கணக்கில் சேர்ந்தனவா? ஒப்பிடப்படும் வரம்பு எதற்கு உரியது? இறுதி வினா சற்று விளக்கத்தக்கது. பொதுமக்களுக்குரிய ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட் என்னும் வரம்பு, மனிதச் செயலால் கூடுதலாக வருவதற்கு உரியது; இயற்கைப் பின்னணிக்கும் மருத்துவத்திற்கும் அது பொருந்தாது. '2.4 என்பது வரம்பைத் தாண்டிவிட்டது' என்று அஞ்சுதலும், 'இயற்கையே 2.4 தருகிறது, ஆலை தரும் ஒன்று பெரிதா' என்று வாதிடுதலும் இவ்வேறுபாட்டை மறந்ததால் எழும் பிழைகளே.

இவ்வினாக்கள் எவற்றுக்கும் உயர்கணிதம் தேவையில்லை; தெளிவான சொல் தேவை. தமிழ்ப்பள்ளி மாணவர் நூல்களிலும் நாளிதழ்களிலும் கதிரியக்கம், கதிர்வீச்சு, ஏற்பளவு, இடர் ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒரே பொருளில் நிலைபெறுமாறு செய்தல் மொழி அமைப்புகளின் கடமையாகும். பழைய சுரங்க நிலத்தில் மனை வாங்க எண்ணும் ஒரு குடும்பம், தனக்குத் தரப்பட்ட அறிக்கையைத் தன் மொழியில் படித்துப் பொருளுணர்ந்து, அதன்பின் கையொப்பமிடும் நிலை வரவேண்டும். அதற்குரிய சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை வரையறையோடு ஆளுதலே எஞ்சியுள்ள பணி.